பின் நம்பர் போட்டால் பணம் வருமா, போகுமா?

இந்த எபிசோடை துவாக்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பதிவு செய்தேன். ஆடியோவில் கேட்பவர்களுக்கு தஞ்சாவூர் ரோட்டு லாரி ஹார்ன் இலவசம். படிப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்றைக்கு யூசபிலிட்டி பற்றிப் பேசலாம். ஒரு ஆப், ஒரு மெஷின், ஒரு ஸ்கிரீன் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "நல்லா இருக்கு", "கேவலமா இருக்கு" என்று ரேட்டிங் போடுவதைச் சொல்லவில்லை. நிஜமாகவே சோதித்துப் பார்ப்பது. இதை நான் ஆபீஸில் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் கெத்தாக இருக்கும். உண்மையில் அப்பா 6,000 ரூபாய் தொலைத்த பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

அப்பா துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வெல்டராக இருந்தவர். பெல் தொழிற்சாலைக்கு பாய்லர் பாகங்கள் செய்துகொடுக்கும் பட்டறை. டிராயிங்கை விரித்தால் எந்த ஜாயின்ட் எங்கே வருகிறது என்று கடகடவெனப் படிப்பார். எந்த ராடுக்கு எத்தனை ஆம்பியர் வைக்க வேண்டும் என்று பட்டறையில் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள். அப்படிப்பட்டவர் போனைக் கையில் எடுத்தால் மட்டும், "நமக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று மன்னிப்புக் கேட்கிற குரலுக்கு மாறிவிடுவார்.

2022-ல் தன்னுடைய பழைய வெல்டிங் செட்டை விற்கலாம் என்று நினைத்தார். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு ஆப்பில் போட்டோ போட்டுக் கொடுத்தான். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. பேரம் பேசவே இல்லை, 6,000 ரூபாய்க்குச் சரி என்று சொல்லிவிட்டார் அந்த ஆள். "சார், ஒரு தடவைக்கு 2,000தான் போகும், மூணு தடவையா அனுப்புறேன். உங்க போன்ல நோட்டிஃபிகேஷன் வரும், அதை அமுக்கி உங்க பின் நம்பரைப் போட்டீங்கன்னா பணம் ஏறிடும்."

அப்பா மூன்று முறை பின் போட்டார். மூன்று எஸ்எம்எஸ் வந்தன, ஒவ்வொன்றிலும் 2,000. சந்தோஷமாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, வெல்டிங் செட்டை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிட்டு, ஆள் வருவதற்காகக் காத்திருந்தார். ஆள் வரவில்லை. அடுத்த நாள் நான் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஏறியது எதுவும் இல்லை, இறங்கியது 6,000.

நடந்தது இதுதான். யூபிஐ-யில் பணம் அனுப்புவது ஒரு வசதி. பணம் கேட்பது இன்னொரு வசதி, அதற்கு கலெக்ட் ரெக்வெஸ்ட் என்று பெயர். அந்த ஆள் பணம் அனுப்பவில்லை, கேட்டான். அப்பா பின் போட்டு "எடுத்துக்கோ" என்று அனுமதி கொடுத்தார். 2,000 வரம்பும் அவன் விட்ட கதை இல்லை, தனிநபர் கலெக்டுக்கு நிஜமாகவே இருந்த வரம்பு. நல்ல பொய்யில் பாதி உண்மை கலந்திருக்கும் இல்லையா!

புகார் கொடுத்தோம். பணம் வரவில்லை. அது போகட்டும். நான் அன்றைக்கு அப்பாவிடம் கேட்ட கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. "பின் போடும்போது ஸ்கிரீனைப் பாக்க மாட்டீங்களாப்பா?"

அவர் சொன்னார்: "பாத்தேன்டா. பின் கேட்டுச்சு, போட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "என் தப்புதான், விடு."

நான் ஸ்கிரீன் செய்து சம்பளம் வாங்குகிறவன். அவர் பதிலின் முதல் பாதியில் இருந்த தகவலைக் கவனிக்காமல், இரண்டாவது பாதியை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

இப்போது அந்த முதல் பாதியைப் பார்ப்போம். "பின் கேட்டுச்சு, போட்டேன்." அப்பாவின் வாழ்க்கையில் பின் நம்பர் என்ற சாமான் முதலில் எங்கே வந்தது? ஏடிஎம்-மில். கார்டைச் சொருகு, பின் போடு, பணம் வரும். பல வருஷமாக அவருக்கு பின் நம்பரின் அர்த்தமே அதுதான். போட்டால் கைக்குப் பணம் வரும். அப்புறம் ஒருவன் போனில், "பின் போட்டா பணம் வரும்" என்கிறான். அவருக்குத் தெரிந்த உலகத்தோடு அது அச்சாகப் பொருந்துகிறது. இதில் எங்கே சந்தேகப்படுவது?

டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்கர் 1988-ல் அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இன்டர்ஃபேஸ் வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் சீனியர்கள் கையில் திணிக்கும் புத்தகம். அதில் முக்கியமான ஒரு விஷயம்: ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று நம் ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் ஒரு சித்திரம் இருக்கும். வடிவமைத்தவர் மண்டையில் வேறொரு சித்திரம் இருக்கும். இரண்டும் பேசிக்கொள்ள நடுவில் இருப்பது ஸ்கிரீன் மட்டும்தான். வடிவமைத்தவர் நம் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து விளக்கப்போவதில்லை.

அப்படியென்றால் அந்த ஸ்கிரீன் என்ன சொன்னது? பிறகு ஒருநாள் நானே கலெக்ட் ரெக்வெஸ்ட் அனுப்பிப் பார்த்தேன். பின் போடும் பக்கத்தில் ஒரு பெயர், ஒரு தொகை, புள்ளி புள்ளியாகக் கட்டங்கள், கீழே எண்கள். நாம் கடைக்குப் பணம் அனுப்பும்போதும் அதே பக்கம். பேலன்ஸ் பார்க்கும்போதும் ஏறக்குறைய அதே பக்கம். இதை யோசித்துப் பாருங்க. பேலன்ஸ் பார்க்க பின் போட்டால் பணம் எங்கேயும் போகாது. ஆக, "பின் போட்டால் பணம் போகும்" என்ற விதியை ஒருவர் பழக்கத்தில் கற்றுக்கொள்ளவும் வழியில்லை. தினமும் காலையில் பேலன்ஸ் பார்க்கிற ஆளுக்கு, பின் என்பது ஆபத்தில்லாத சமாச்சாரம்.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கம் ஒரே மாதிரி இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. நீங்கள் போடும் பின் நம்பரை ஆப் பார்க்கக் கூடாது. அதனால் எந்த ஆப்பில் இருந்து போனாலும் அந்த ஒரு பக்கம் மட்டும் பொதுவானதாக வருகிறது. பாதுகாப்புக் கோணத்தில் பார்த்தால் கைதட்ட வேண்டிய முடிவு. அதே முடிவு இன்னொரு கோணத்தில் குழி தோண்டி வைத்திருக்கிறது. இந்த வேலையில் இப்படித்தான், முட்டாள்தனத்தால் வரும் பிரச்சினைகளைவிட, ஒரு நல்ல காரணம் இன்னொரு நல்ல காரணத்தின் காலை மிதிப்பதால் வரும் பிரச்சினைகள்தான் அதிகம்.

அப்புறம் அந்த எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் வருகிறது. "டெபிட்" என்று ஒரு சொல், "கிரெடிட்" என்று ஒரு சொல். அந்த ஒற்றைச் சொல்லைத் தவிர பாக்கியெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்பா எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிப்பவர். அவர் கண் போவது எண்ணுக்குத்தான். 2,000. மூன்று முறை. கணக்குச் சரியாக இருக்கிறதே!

சரி, இதையெல்லாம் பணம் போவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கான வழிமுறை ரொம்பப் பழசு, ரொம்ப மலிவு. ஒரு ஆளை உட்கார வை, ஒரு வேலையைக் கொடு, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல், நீ வாயை மூடிக்கொள். ஐபிஎம்-மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982 வாக்கில் இதை இன்டர்ஃபேஸ் சோதனைக்குக் கொண்டுவந்தார். கேட்க எளிதாக இருக்கிறது. "நீ வாயை மூடிக்கொள்" என்ற பகுதிதான் நம் வீடுகளில் நடக்காத காரியம்.

ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஐந்து பேரை வைத்துச் செய்தேன். அப்பா, அம்மா, எதிர்வீட்டு அக்கா, பஸ் ஸ்டாப் டீக்கடை மாஸ்டர், என்ஐடி-யில் படிக்கும் தூரத்துச் சொந்தக்காரப் பையன். ஏன் ஐந்து? ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் போட்ட ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஆள் சராசரியாக 31 சதவீதப் பிரச்சினைகளில் முட்டிக்கொள்வார் என்று வைத்தால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்போம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் அந்த 85 அவர்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் பொருந்தும். என்ஐடி ஹாஸ்டலில் ஐந்து பேரைப் பிடித்துச் சோதித்துவிட்டு, "துவாக்குடிக்கே புரிகிறது" என்று சொல்ல முடியாது. ஹாஸ்டலும் துவாக்குடியில்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

வேலையைக் கொடுக்கும்போது ஸ்கிரீனில் இருக்கும் சொல்லை நாம் சொல்லிவிடக் கூடாது. "செக் பேலன்ஸ் போங்க" என்றால் அவர் அந்த எழுத்தைத் தேடி அமுக்கிவிடுவார், நமக்கு ஒன்றும் தெரியவராது. "உங்க கணக்குல எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டேன். அது முடிந்ததும், "எனக்கு 1 ரூபாய் அனுப்புங்க." மூன்றாவதாக, ஒன்றும் சொல்லாமல் நான் 1 ரூபாய்க்கு கலெக்ட் ரெக்வெஸ்ட் அனுப்பினேன். பின் பக்கம் வந்ததும் ஒரே ஒரு கேள்வி: "இப்ப பின் போட்டா என்ன ஆகும்?"

ஐந்தில் மூன்று பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா, "நீ அனுப்பின ஒரு ரூபா வரும்" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார், முகத்தில் பதில் இருக்குமா என்று. என்ஐடி தம்பி சரியாகச் சொன்னான், ஆனால் உடனே இல்லை. மேலே இருந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொன்னான். இது ஆராய்ச்சி இல்லை, மொட்டை மாடியில் ஐந்து பேர், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தம்பியே நின்று படிக்க வேண்டியிருந்தது என்றால், அப்பாவிடம் நான் கேட்ட கேள்வி எவ்வளவு அபத்தம் என்று அங்கேயே புரிந்தது.

அப்பா? சரியாகச் சொன்னார். சூடு கண்ட பூனை.

இன்னொன்றும் முயற்சி செய்தேன், அது காமெடியாக முடிந்தது. சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. ஜான் புரூக் என்பவர் 1986-ல் இங்கிலாந்தில் உருவாக்கியது, இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1-லிருந்து 5 வரை மார்க். ஒரு வாக்கியம் பாராட்டாக இருக்கும், அடுத்தது குறையாக இருக்கும், இப்படி மாற்றி மாற்றி. கடைசியில் 100-க்கு ஒரு மதிப்பெண் வரும். 68 என்பது பொதுவான சராசரி. தமிழில் சொல்லிச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "பயன்படுத்த எளிதாக இருந்தது." "அஞ்சு." "இதைப் பயன்படுத்த விவரம் தெரிந்த ஒருவர் துணை வேண்டும்." "அஞ்சு." பத்துக்கும் ஐந்து. கணக்குப் போட்டால் சரியாக 50 வருகிறது. அந்த 50-க்கு எந்த அர்த்தமும் இல்லை. என்னப்பா இது என்றால், "நீ கஷ்டப்பட்டு எழுதிட்டு வந்திருக்க, கொறச்சுப் போடச் சொல்றியா?" என்கிறார்.

அந்த ஆப்பைச் செய்தது நான்தான் என்று நினைத்திருக்கிறார் போல. அப்படி இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வந்து காபி கொடுத்தவரிடம் டிகாஷன் சரியில்லை என்று சொல்லாத ஊர் இது. அதனால்தான் கருத்துக் கேட்பதைவிடக் கையைப் பார்க்கச் சொல்கிறேன். விரல் எங்கே தயங்குகிறது, எங்கே பின்னால் வருகிறது, எந்த இடத்தில் "எனக்குத் தெரியல" என்று மன்னிப்புக் கேட்கிறார். என் நோட்டில் மன்னிப்புக்கு என்றே ஒரு தனி நெடுங்கட்டம் போட்டிருந்தேன். அம்மா ஏழு முறை. அந்த ஏழு இடத்திலும் தவறு ஸ்கிரீனில் இருந்தது.

அதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு டிக்கெட் ஆப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். வேலை: "இந்த டிக்கெட் வேண்டாம்னு பண்ணிடுங்கம்மா." ஒரு பெட்டி வந்தது. "டிக்கெட்டை ரத்து செய்யவா?" கீழே இரண்டு பட்டன். ஒன்றில் "ரத்து", இன்னொன்றில் "சரி". அம்மா "ரத்து" அமுக்கினார். ரத்து செய்வது ரத்தாகி, டிக்கெட் பத்திரமாக அங்கேயே இருந்தது. ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு, அங்கிருந்து தமிழுக்கு அப்படியே குடிவந்துவிட்டது. "டிக்கெட் வேண்டாம்", "டிக்கெட் இருக்கட்டும்" என்று இரண்டு பட்டன் போட்டிருந்தால் வேலை முடிந்தது. அடுத்த பக்கத்தில் "சமர்ப்பி" என்று ஒரு பட்டன். "யாருக்குடா சமர்ப்பிக்கணும், ரங்கநாதருக்கா?" என்று கேட்டார் அம்மா. நம் ஆட்கள் தமிழ் இன்டர்ஃபேஸ் இருந்தும் ஆங்கிலத்துக்கே திரும்புவது ஆங்கில மோகத்தால் மட்டும் இல்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

எல்லாமே குறைதான் என்று நினைக்காதீங்க. டீக்கடை மாஸ்டரிடம் உட்கார்ந்திருந்தபோது எதிர்ப்பக்கம் ஒரு அற்புதம். கல்லாப்பெட்டி மேல் இருக்கும் சவுண்ட் பாக்ஸ். யாரோ ஸ்கேன் செய்கிறார்கள், "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் கத்துகிறது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய ஒரு கையில் டபரா, இன்னொரு கையில் வடிகட்டி. இது வருவதற்கு முன்னால் ஒவ்வொரு கஸ்டமரும் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும், அவர் கையைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்க்க வேண்டும், அதிலும் சிலர் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு சிஸ்டம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துகிறவருக்கு உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும். நீல்சனுடைய புகழ்பெற்ற பத்து விதிகளில் முதல் விதி அது. சவுண்ட் பாக்ஸ் அதைக் கண்ணுக்கு அல்லாமல் காதுக்குத் தெரிவிக்கிறது, அதுவும் அவர் மொழியில், கணக்கில் "வந்தது" என்ற சொல்லோடு. அப்பாவுக்கு வந்த எஸ்எம்எஸ்-ஐ நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அந்த போன், "ரெண்டாயிரம் ரூபாய் போய்விட்டது" என்று தமிழில் சத்தமாகச் சொல்லியிருந்தால் முதல் தடவையோடு நின்றிருக்கும். 4,000 மிச்சம்.

இதைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "ஓட்டு மெஷின்ல மட்டும் எனக்குக் குழப்பமே வந்ததில்லையே, அது ஏன்?"

நல்ல கேள்வி. வாக்குப்பதிவு இயந்திரத்தை முதன்முதலாக 1982-ல் கேரளாவில் பறவூர் தொகுதியில் சில வாக்குச்சாவடிகளில் பயன்படுத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க வந்துவிட்டது. அந்தப் பலகையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வரிசையில் பெயர், சின்னம், ஒரு சிவப்பு விளக்கு, ஒரு நீலப் பட்டன். சின்னத்துக்கு நேரே பட்டன், பட்டனுக்கு நேரே விளக்கு. அமுக்கினால் விளக்கு எரியும், நீளமாக "பீப்" கேட்கும். பார்வையற்றோருக்காக பிரெய்ல் உண்டு. இப்போது பக்கத்தில் விவிபேட் பெட்டியில் நீங்கள் போட்ட சின்னம் அச்சடித்த சீட்டு 7 விநாடி தெரியும். சின்னம் என்பதே 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காக வந்தது. இன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கஷ்டப்படுகிறவருக்காகச் செய்தால் மற்றவர்களுக்கும் தானாக எளிதாகிவிடுகிறது.

முழுக்க நியாயமான ஒப்பீடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த மெஷினுக்கு ஒரே ஒரு வேலைதான். சந்தேகம் என்றால் பக்கத்தில் அதிகாரி இருக்கிறார். தப்பாக அமுக்கினால் திரும்ப எடுக்கவும் முடியாது. வேட்பாளர் எண்ணிக்கை கூடினால் எந்த வடிவமைப்பும் திணறும். 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அடிக்க வேண்டியிருந்ததே! ஆனால் அந்த மெஷினைச் செய்தவர்கள், "இதை எல்லோரும் பயன்படுத்தப் போகிறார்கள்" என்பதை நிஜமாகவே நம்பிச் செய்தார்கள். நாம் செய்யும் ஆப்களில், "எல்லோரும்" என்று சொல்லும்போது மனதில் இருப்பது நம் டீமில் இருப்பவர்கள்தான்.

இனி கலெக்ட் ரெக்வெஸ்டுக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். யூபிஐ 2016-ல் வந்தது. அதன் பிறகு வருஷக்கணக்காக எங்கே பார்த்தாலும் ஒரு அறிவுரை: "பணம் பெற பின் நம்பர் தேவையில்லை." எஸ்எம்எஸ்-ல், விளம்பரத்தில், ஆப்புக்குள்ளேயே பேனராக. அறிவுரை சரிதான். ஆனால் ஒரு கதவில் "தள்ளவும்" என்று போர்டு மாட்டியும் எல்லோரும் இழுக்கிறார்கள் என்றால், பெரிய எழுத்தில் இன்னொரு போர்டு மாட்டுவதா, கைப்பிடியைக் கழற்றுவதா? 2025 அக்டோபரில் தேசிய கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ கைப்பிடியைக் கழற்றியது. தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபரிடம் கலெக்ட் ரெக்வெஸ்ட் அனுப்பும் வசதியையே நிறுத்தியது. வணிக நிறுவனங்கள் அனுப்புவதை அப்போது நிறுத்தவில்லை.

சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். நண்பர்கள் ஹோட்டல் பில்லைப் பிரித்துக்கொள்ள அந்த வசதியைப் பயன்படுத்தினார்கள், அவர்களுக்குக் கொஞ்சம் இழப்பு. ஆனால் "அந்த பிரியாணிக் காசு அனுப்புடா" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்ளலாமே. ஏமாற்றுகிறவர்கள் வேறு வழி கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். க்யூஆர் கோடை அனுப்பி, "ஸ்கேன் பண்ணா பணம் வரும்" என்பது இன்னும் ஓடுகிறது. அங்கேயும் கடைசியில் வந்து நிற்பது அதே பின் பக்கம்தான்.

இந்தச் செய்தி வந்த அன்றைக்கு அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். "அந்தப் பட்டனையே எடுத்துட்டாங்கப்பா." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப நான் மட்டும் ஏமாறலயா?" என்று கேட்டார். மூன்று வருஷமாக இதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்போதுதான் நான் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு சாரி சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, சாப்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இந்த எபிசோடை வெளியிடுவதற்கு முன்னால் அவருக்குப் போட்டுக் காட்டினேன். "மூணு தடவை பின் போட்டேன்னு சொல்லணுமா?" என்றார். வேண்டாம் என்றால் எடிட் செய்துவிடுகிறேன் என்றேன். யோசித்துவிட்டு, "இருக்கட்டும். ஆனா அந்த வெல்டிங் செட் இன்னும் இங்கதான் இருக்குன்னு சேத்துச் சொல்லிடு. வேணும்கிறவங்க நேர்ல வந்து ஆர்க் அடிச்சுப் பாத்துட்டு, காசைக் கையில குடுத்துட்டு எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

சொல்லிவிட்டேன்ப்பா.